மயில் விரட்டிய பேண்டு செட்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாவின் கொடியேற்ற மாலை. வெள்ளைச் சுடிதாரும் நீலத் துப்பட்டாவுமாக ஏழு பெண்கள் கோயில் வாசலில் வாத்தியங்களோடு நின்றோம். எங்கள் பேண்டு செட்டின் அரங்கேற்றம் அன்றுதான். தலைவி நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், செட்டில் கிளாரினெட்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பங்கில் முன்பிருந்த ஆண்கள் செட், ஆளுக்கொரு ஊராகப் பிழைக்கப் போனதில் கலைந்துவிட்டது. வாத்தியங்கள் ஸ்டோர் ரூமில் கிடந்தன. "சும்மா கிடக்குறதை நாங்க ஊதுனா என்ன?" என்று ஒரு கூட்டத்தில் வாயைக் கொடுத்தது நான்தான். பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் அக்கா பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டார். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒருத்தி டிரம்பெட்டை எடுத்துக்கொண்டாள். மில் பஸ்ஸில்கூட அதன் ஊதுமுனையை மட்டும் கழற்றி வைத்து 'புர் புர்' என்று பழகி, தூங்குகிற அத்தனை பேரிடமும் திட்டு வாங்கியவள் அவள். ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர் ஒருவர் அடிப்படை சொல்லிக்கொடுத்தார். பாதியில் அவர் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட, மீதியை நாங்களே மறைக்கல்வி வகுப்பறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பழகினோம்.

உட்கார்ந்து என்பதைக் கவனியுங்கள். வினையே அங்கேதான் இருந்தது.

கொடி ஏறியதும் நின்றபடியே முதல் பாட்டை வாசித்தோம். பிரமாதம். கைதட்டல் அடங்க நேரமானது. என் வீட்டுக்காரர் விசிலே அடித்தார். பிறகு பவனி கிளம்பியது. நடந்துகொண்டே ஊதுவது வேறு வித்தை என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா? கால் ஒரு பக்கம் போனது, மூச்சு ஒரு பக்கம் போனது. என் கிளாரினெட் வாலை மிதித்த பூனை மாதிரி கத்தியது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது டிரம்பெட் இடித்து மில்காரியின் உதட்டில் ரத்தம். வயிற்றுக்கு முன்னால் டிரம் இருந்ததால் அக்காவுக்குத் தரையே தெரியவில்லை. தெரு முனை வருவதற்குள் சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது. கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே மீதித் தூரம் நடந்தது.

திரும்பி வந்ததும் நான் வேகத்தடையைக் குறை சொன்னேன். விழாக் கமிட்டித் தலைவர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அதோடு விடவில்லை. "கடைசி நாள் சப்பரத்தன்னிக்கு வெளியூர் செட்டுக்குச் சொல்லிருவோம் டீச்சர். நீங்க கோயிலுக்குள்ள உக்காந்து வாசிங்க."

அந்த 'உக்காந்து' சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்ச் சப்பரத்தைத் தோளில் சுமப்பவர்கள் பேண்டு செட்டின் தாளத்துக்குத்தான் கால் வைப்பார்கள். தாளம் அறுந்தால் அவர்கள் காலும் பின்னும், மாதா சுரூபம் ஆட்டம் காணும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சப்பரத்துக்கு நாங்கள்தான் வாசிப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அன்றைக்கும் பாதியில் நின்றால் வாத்தியங்கள் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும். பிறகு நாங்கள் அதைக் கேட்கவே கூடாது.

மறுநாள் காலையில் பள்ளி மைதானத்தில் நடந்து பார்த்தோம். கிரிக்கெட் ஆடியவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். தெருவில் நடந்தோம், சத்தம் என்று சண்டைக்கு வந்தார்கள். "ஊருக்கு வெளியே போயிருவோம்" என்றார் டிரம் அக்கா. சித்தையன்கோட்டை டவுன் பஸ் ஏறினோம். எங்களுக்கு இலவசம், டிரம்முக்கு மட்டும் கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

வழியில் கோடை உழவு போட்ட ஒரு வெற்றுக் காடு தெரிந்ததும் இறங்கிவிட்டோம். பக்கத்துக் காட்டில் ஒரு பெண் தகரத் தட்டைத் தட்டி மயில்களை விரட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். விதைத்த கடலையை மயில்கள் கிண்டித் தின்றுவிடுகின்றனவாம். உழுத காடும் அவருடையதுதான். தயங்கித் தயங்கிக் கேட்டேன். டிரம்மையும் குழல்களையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தாராளமா ஊதுங்க. மயிலு கிட்ட அண்டாதுல்ல? எனக்கும் செத்த நேரம் கைக்கு ஓய்வு."

முதல் ஊதலுக்கே மயில்கள் அலறியடித்துப் பறந்தன. அவர் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

தினமும் விடிந்ததும் அங்கேதான். மில்காரி நைட் ஷிப்டு முடிந்து, வீங்கிய உதட்டோடு நேரே வந்துவிடுவாள். உழுத கட்டிகள் மேல் முதலில் வெறுமனே நடந்தோம். அப்புறம் வாயால் பாடிக்கொண்டு நடந்தோம். அப்புறம் டிரம்மோடு, கடைசியில்தான் குழல்களோடு. விழுந்தோம், கால் பிசகியது, எழுந்து மறுபடி ஊதினோம். ஒருத்திகூட வீட்டில் நின்றுவிடவில்லை. அந்தப் பெண் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கொடுப்பார். "நாளைக்கும் வந்துருங்க, நீங்க வந்தாத்தேன் மயிலு அடங்குது" என்பார். எங்களாலும் ஒருவருக்கு உபயோகம் இருக்கிறதே என்று தலை நிமிர்ந்து பஸ் ஏறுவோம்.

சப்பரத்துக்கு முந்தின நாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பவனி போகிற தெரு ஒன்று சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டி மூடியது. சப்பரம் அங்கே வந்து சேர்ந்தபோது தெரு முழுக்கச் சேறும் மண்கட்டியுமாக இருந்தது. கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். "டீச்சர், இந்த இடத்துல நிறுத்திருங்க. தாண்டினப்புறம் வாசிச்சுக்கலாம்." நான் தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன். வாயில்தான் கிளாரினெட் இருக்கிறதே. அக்காவுக்கு அன்றும் தரை தெரியவில்லை. ஆனால் அடி பிசகவில்லை. மில்காரியின் டிரம்பெட் ஒரு சுரம் நழுவவில்லை. அது தெருவா? எங்கள் காடு! பின்னால் சுமந்து வந்தவர்கள் எங்கள் தாளத்திலேயே கால் வைத்துச் சேற்றைக் கடந்தார்கள். மாதா துளிகூட ஆடவில்லை. அக்கரை சேர்ந்ததும் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவே அந்தக் காட்டுக்காரப் பெண் நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்திருக்கிறார். சந்தோஷம் தாளாமல், "இனிமே மயில விரட்ட நீங்க யாரைத் தேடுவீங்க?" என்று கேலியாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுக ரெண்டே நாள்ல உங்க சத்தத்துக்குப் பழகிருச்சு டீச்சர். நீங்க பஸ் ஏறுனதும் வந்து எறங்கிரும், நாந்தேன் தட்டைத் தூக்குவேன். சொன்னா, உபகாரமில்லாம ஏன் வரணும்னு நீங்க நின்னுருவீங்கள்ல? அதேன் சொல்லல."

இன்று எங்கள் செட்டில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை, நேரே அந்தக் காட்டுக்குத்தான் கூட்டிப்போகிறோம். ஊரே சிரித்த வேளையில், எங்களால் ஒரு பயன் இருப்பதாக எங்களையே நம்பவைத்த அந்தப் பெண்ணின் பொய்யை நினைக்காமல் நான் ஒரு நாளும் கிளாரினெட்டை வாயில் வைத்ததில்லை.