லெபரெக்ட் வரைந்த மஞ்சள் நிலா

ஜெர்மன் நகரமான டிரெஸ்டனில் எங்கள் தெருக் கடைப்பலகைகளில் பாதி லெபரெக்ட் சூம்பே எழுதியவை. பிழைப்பு அது, மனசு மேகத்தில். வேலை முடிந்ததும் எல்பே ஆற்றங்கரைக்குப் போவார். வண்ணப்பெட்டி மூடியில் காகிதத்தைக் குத்திக்கொண்டு, மேகம் கலைவதற்குள் எண்ணெய் வண்ணத்தில் பிடித்துவிடுவார். காகிதத்தின் பின்னால் தேதி, மணி, காற்றின் திசை. இப்படிப் பதினாறு வருஷம்.

இரவு வானத்துக்கு மட்டும் தூரிகை எடுக்கமாட்டார். பென்சிலால் கோடு போட்டு, நிறங்களைச் சொல்லாக எழுதி வந்து, விடிந்த பிறகுதான் வண்ணம் குழைப்பார். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும்.

1824 ஆகஸ்டில் அந்த வழக்கத்தை மீறினார். ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பிய மூன்று படங்களும் திரும்பி வந்திருந்தன. நான்காவதை மறுநாள் நண்பகலுக்குள் கொடுக்க வேண்டும். நிலா மட்டும் பாக்கி. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே அதை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அதே தெருவில் சட்டம் செய்கிறவன் நான்; காலையில் அவர் படத்துக்குச் சட்டம் கொண்டுபோனேன். அவர் மனைவி டோரதேயா காப்பிக் கோப்பையோடு படத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"ஏங்க, வானத்துல யாரு முட்டைய உடைச்சு ஊத்துனது?"

லெபரெக்ட் எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "போச்சு. இந்தத் தடவையும் போச்சு."

"ஈரமாத்தானே இருக்கு? சுரண்டுங்க."

"சுரண்டினா அடிப்பூச்சு தெரியும்டி."

"தெரியட்டுமே. இப்படியே அனுப்புனா ரொட்டிக்கடைப் பலகைன்னு நெனச்சுப்பாங்க."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என்னை முறைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். மஞ்சள் அகன்று, அடியில் இருந்த வெள்ளைப் பூச்சு தெரிந்தது; அதுவே நிலாவாகிவிட்டது. சுரண்டிய தடம் மட்டும் ஒரு பக்கம் கீறலாக நின்றது. அதன்மேல் ஒரு துணுக்கு மேகம் இழுத்தால் போதும்.

"இழுங்கண்ணே, மணி பத்தாச்சு," என்றேன்.

"எந்த மேகம்? படத்துல மேற்குக் காத்து. கிழக்குக் காத்து மேகத்தப் போட்டா வானம் பொய்யாயிடும்."

அலமாரியைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் படித்தார்.

"யாருங்க காத்தப் பாக்கப் போறாங்க?" டோரதேயா கத்தினாள்.

"நான் பாப்பேன்."

பதினொன்றரைக்கு மேகம் அமைந்தது. ஈரம் காயாத படத்தை நானும் அவரும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினோம்.

படத்தை ஏற்றுக்கொண்டார்கள். தொங்கவிட்டது கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி. கண்காட்சி திறந்த அன்று மூவரும் போனோம்.

"என் கழுத்து ஒடியுது. கீழ எடமே இல்லியாமா?" என்றாள் டோரதேயா.

லெபரெக்ட் அண்ணாந்தபடியே இருந்தார். "நிலா சரியான எடத்துலதான் இருக்கு," என்றார்.