கோல்கொண்டாவில் ஐந்து கைதட்டல்

உலகநாதன் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. காதோரத்தில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. செகந்தராபாத்தில் மாலைக் கல்லூரி என்றால் அப்படித்தான். பகலெல்லாம் எங்கேயோ உழைத்துவிட்டு ஆறு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து பெஞ்சில் விழுகிறவர்களுக்கான இடம் அது. அங்கே வகுப்பில் தூங்குவதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. குறட்டை விட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவன் விலாவில் இடிப்பான்.

பகலில் அவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை; இப்போது வயது முப்பத்தைந்து. அரக்கோணத்திலிருந்து இருபது வயதில் வந்து பாய்லர் ஷாப்பில் நின்றவர், பதினைந்து வருஷமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். இஞ்சின் பாய்லரின் இரும்புத் தகடுகளில் ரிவெட் அடிப்பது தொழில். பாய்லருக்கு உள்ளே ஒருவன் உட்கார்ந்து அணை கொடுக்க, வெளியே ஒருவன் காற்றுச் சுத்தியலால் அடிப்பான். அந்த ஓசையில் எவனும் வாயைத் திறப்பதில்லை, எல்லாம் கைப்பேச்சுதான். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. தலையில் இல்லாத தொப்பியைத் தடவினால் ஃபோர்மன் வருகிறார். உலகநாதன் அந்தப் பேச்சில் கம்பர்.

வெளியே வந்தால்தான் தகராறு. தெலுங்கு அவருக்கு வரவில்லை. பதினைந்து வருஷம் ஆகியும் கடைக்காரன் ஒன்று கேட்பான், இவர் ஒன்று சொல்லுவார். கல்லூரியில் இங்கிலீஷும் தெலுங்கும் கலந்து பாடம் நடக்கும்; கரும்பலகையில் எழுதுவது புரியும், வாயால் சொல்வது புரியாது. ‘இந்த ஊர்க்காரங்க வார்த்தைய மென்னு முழுங்கறாங்க’ என்று அவர் மனைவி நாகம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் சிரிப்பாள்.

சிரிக்கக்கூடிய விஷயமாக அது நெடுநாள் இருக்கவில்லை. பட்டறை ஆட்களில் படித்தவர்களை ஆபீஸ் வேலைக்கு எடுக்க வருஷத்துக்கு ஒருமுறை பேட்டி நடக்கும். சுத்தியலைக் கீழே வைக்க அவருக்கு இருந்த ஒரே வழி அது. ராத்திரிகளில் முழங்கையிலிருந்து தோள்வரை வலி தெறிக்கும்; காலையில் சட்டைப் பித்தானைப் போட நாகம்மா வேண்டும். போன வருஷப் பேட்டியில் நீண்ட மேஜையின் அந்தக் கோடியில் மூன்று ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை வருஷ சர்வீஸ் என்று ஒருவர் தெலுங்கில் கேட்டிருக்கிறார். இவர் ‘அரக்கோணம் சார்’ என்றார். மூவரும் சிரித்துவிட்டு, மொழியைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த பேட்டி டிசம்பரில். அப்போது 1974 அக்டோபர். இந்த முறையும் கைநழுவிப் போனால் ரிட்டையர் ஆகும்வரை சுத்தியல்தான். கை அதுவரை தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கவலையை ஒருநாள் வகுப்புத் தோழன் கிதியோனிடம் சொன்னார். கிதியோனுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் மருந்துக் கடையில் நிற்கிறவன், மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவன் தமிழில் எல்லா ஊரும் இருக்கும்; வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ்.

“வகுப்புல உக்காந்தா மொழி வராதுண்ணே. ஊரைச் சுத்தினாத்தான் வரும். மூணு வருஷமா காலேஜ்ல இருக்கீங்க, ஒரு நாளாச்சும் எங்களோட வந்திருக்கீங்களா?”

“ஞாயித்துக்கிழமைதான் தம்பி தூங்கறேன்.”

“நக்கோ அண்ணே, தூக்கமெல்லாம் நக்கோ. காலேஜ் ஸ்டூடண்ட் மாதிரி இருங்க. அஞ்சு ஞாயிறு எங்களோட வாங்க. டிசம்பருக்குள்ள தெலுங்கு, உருது, ரெண்டும் தண்ணி மாதிரி வரும். ஹவ், நான் கேரண்டி.”

உடனே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் பட்டியல் போட்டான். காலை ஆட்டம் சினிமா, ஆபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகம், ஹுசேன் சாகரில் படகு, இரானி ஹோட்டல் அரட்டை, கோல்கொண்டா. மாணவனாய்ப் பிறந்தவன் இந்த ஊரில் செய்தே தீர வேண்டிய ஐந்து காரியங்கள் என்றான். உலகநாதனுக்கு அது இன்னொரு ஷிப்ட் மாதிரி தோன்றியது. இருந்தாலும் டிசம்பர் கண்ணில் நின்றது, சரி என்றார்.

சினிமாவுக்குப் போனார். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். சண்டை வந்தபோது விழித்துக்கொண்டு அதை ரசித்துப் பார்த்தார். பேச ஆரம்பித்ததும் மறுபடி தூங்கினார். ஆபிட்ஸ் நடைபாதையில் ஒரு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தைக் கேட்டார். கடைக்காரன் என்னவோ சொன்னான், இவர் தலையை ஆட்டினார், அவன் கட்டிக் கொடுத்தான். வீட்டில் பிரித்தால் ஹோமியோபதி. இரானி ஹோட்டலில் ஒரு டீயை வைத்துக்கொண்டு பத்துப் பேர் மூன்று மணி நேரம் பேசினார்கள். எல்லோரும் சிரிக்கும்போது உலகநாதனும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக. வீடு திரும்பும்போது தாடை வலித்தது.

படகு மட்டும் பிடித்திருந்தது. ஹுசேன் சாகர் நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் சும்மா கிடந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. சம்பளம் வாங்கும் ஊரில் இப்படி ஒரு சும்மாவும் இருக்கிறதா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. வெயில் முகத்தில் பட அவர் அங்கேயும் தூங்கினார்.

மல்காஜ்கிரி வீட்டில் மகள் மங்கையர்க்கரசிக்கு ஒன்பது வயது. கூப்பிடுவது மங்கை. பள்ளிக்கூடம் தெலுங்கு, தெருவும் தெலுங்கு, அவள் வாயில் வருவதும் தெலுங்கு. முன்பெல்லாம் அவர் சாப்பிடும்போது பின்னால் வந்து முதுகில் சாய்ந்துகொண்டு எதையாவது சொல்லுவாள். “வீட்ல தமிழ்ல பேசு, என்னா முணுமுணுப்பு?” என்று அவர் அதட்டுவார். நாலைந்து தடவை அதட்டியபின் அவள் வருவது நின்றது. இப்போது எதுவானாலும் அம்மாவிடம் சொல்லுவாள். நாகம்மா அதை உரக்கத் தமிழாக்கி இவரிடம் சொல்லுவாள். கையெழுத்துப் போட வேண்டியதில் போடுவார்.

ஐந்தாவது ஞாயிறு கோல்கொண்டாக் கோட்டை. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வாசலில் வளைந்த கூரைக்குக் கீழே நின்று கைதட்டினால் மலை உச்சியில் கேட்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்காமல் எந்த மாணவனும் திரும்புவதில்லை. கிதியோன் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தான். அவன் ஆட்கள் கீழே. மெட்டில்டா, உலகநாதன், இன்னும் இரண்டு பையன்கள் என்று நாலு பேர் மேலே. வகுப்புத் தோழி மெட்டில்டா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்; அவள் பேசுவது மட்டும் உலகநாதனுக்கு எப்படியோ புரியும். காதை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் அவளே தலைவி என்று முடிவானது.

“சரியா பன்னெண்டுக்குத் தட்டுவேன். எத்தனைன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதிட்டு வரணும். தப்பா எழுதினவங்க எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தரணும்,” என்றான் கிதியோன்.

முன்னூற்றுச் சொச்சம் படிகள். ஆறு நாள் பட்டறையில் நின்ற கால்களுக்கு ஏழாம் நாள் கிடைத்த ஓய்வு அது. உச்சியில் போய் உலகநாதன் மதில்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கீழே வாசலில் மனிதர்கள் எறும்புகளாகத் தெரிந்தார்கள், கையெல்லாம் தெரியவில்லை.

“வந்துருச்சு!” என்று மெட்டில்டா துள்ளினாள். பையன்கள் இருவரும் விரலை மடக்கி எண்ணினார்கள். முடிந்ததும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு காகிதத்தில் எழுதினார்கள்.

உலகநாதனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி தட்டுகிறான் என்றார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற மூவரின் முகமும் ஒரே நொடியில் மலர்ந்தது. அவருக்கு எப்போதும் கேட்கும் ரீங்காரம் மட்டும் கேட்டது. அது பட்டறையிலிருந்து கூடவே வருவது, உலகத்தில் எல்லோருக்கும் கேட்பது என்று அவர் நினைத்திருந்தது.

வழக்கமான சமாதானம் பழக்கத்தில் நாக்குவரை வந்தது. ‘எனக்குத் தெலுங்கு சரியா…’ என்று தொடங்கப்போனவர் அப்படியே நின்றார். கைதட்டலில் தெலுங்கு ஏது? உருது ஏது? கை எந்த ஊரில் தட்டினாலும் கைதானே.

காகிதத்தில் எதையாவது எழுத வேண்டும். பக்கத்துப் பையனின் விரல் மடிப்பை ஓரக்கண்ணால் பார்த்து ஐந்து என்று எழுதினார்.

மெட்டில்டா அதைக் கவனித்திருக்க வேண்டும். பையன்கள் இருவரும் படி இறங்கத் தொடங்கியபின் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“அண்ணா, கேக்கலையா?”

“மேல காத்து ஜாஸ்திம்மா.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “இப்ப உங்க பின்னாடி நின்னு ரெண்டு தடவை உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாத்தான் கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. தமிழ்லதான்ணா கூப்பிட்டேன்.”

அவர் காகிதத்தை மடித்தபடி படியை நோக்கி நடந்தார். இறங்கும்போது அவள் படிக்குப் படி முன்னால் போய், திரும்பி நின்று, அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள். அது அவருக்கு நன்றாகப் புரிந்தது. இத்தனை நாளும் இந்தப் பெண் சொல்வது மட்டும் எப்படிப் புரிந்தது என்பதும் புரிந்தது.

கீழே கிதியோன் காகிதங்களை வாங்கிப் பார்த்தான். “ஹவ்! நாலு பேரும் அஞ்சு! ஏண்ணே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? கரெக்டா எழுதியிருக்கீங்க!” என்று முதுகில் தட்டினான். அவ்வளவு பொய்யான பாராட்டை உலகநாதன் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைக்காரன் மென்று விழுங்கவில்லை. லெக்சரர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறவர், அவ்வளவுதான். மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்த ஆபீசர் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். பட்டறையில் ஒருவருக்கும் தெரியாமல் போனதும் அதிசயமில்லை. அங்கே எல்லோரும் கத்துகிறவர்கள், எல்லோரும் கையால் பேசுகிறவர்கள், யார் கண்டது, எல்லோரும் இவரைப் போலவே தெலுங்கு வராதவர்களாகக்கூட இருக்கலாம். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

டிசம்பரில் என்ன செய்வது? உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, சார், எனக்குக் காது மந்தம், கிட்டே வந்து உட்காரட்டுமா என்று கேட்டுவிடலாம். உட்கார விடுவார்களா, இல்லை, செவிடனுக்கு ஆபீஸ் எதற்கு என்பார்களா? தெரியவில்லை. சொல்லாமல் போனால் மறுபடியும் அரக்கோணம்தான். சொல்லியே தீர வேண்டும். ஆனால் மூன்று ஆபீசர்களிடம் சொல்வதற்கு முன்னால் ஒருத்தியிடம் அவர் சொல்லியாக வேண்டியிருந்தது. அதை நினைத்தால்தான் அதிகப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. நாகம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். மங்கை முன்னறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உலகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் பென்சிலை நிறுத்திவிட்டு எதற்குத் திட்டு விழப்போகிறது என்று பார்த்தாள்.

“எதுனா சொல்லு கண்ணு. தெலுங்குலயே சொல்லு.”

அவள் நம்பவில்லை. கதவுப் பக்கம் அம்மாவைத் தேடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்பா, நீக்கு தெலுகு ராது கதா?”

உனக்குத் தெலுங்கு வராதே என்கிறாள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. பதினைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்குத் தெலுங்கு வராமல் எங்கே போகும்?

“வரும் கண்ணு. நல்லாவே வரும். அப்பாவுக்குக் காதுதான் கேக்கல.”

மங்கை அழவில்லை, பதறவும் இல்லை. குழந்தைகளுக்கு விஷயம் தெரிந்தால் போதும், உடனே வேலையைப் பார்ப்பார்கள். எழுந்து கிட்டே வந்து, “ஏ செவி, அப்பா?” என்றாள்.

எந்தக் காது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் வலப்பக்கம் மண்டியிட்டு ஏதோ சொன்னாள். மூச்சுக் காற்று மட்டும் பட்டது. கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். இடப்பக்கம் போய், இரண்டு கையாலும் அவர் காதைக் குவித்து வைத்துக்கொண்டு மறுபடி அதையே சொன்னாள்.

“பாட்டல போட்டீலோ நாகு செகண்ட் ப்ரைஸ் ஒச்சிந்தி.”

பாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு. உலகநாதனுக்கு உடம்பின் அசதியெல்லாம் ஒரு கணம் எங்கேயோ போயிற்று.

“அப்படியா கண்ணு! எப்ப?”

“லாஸ்ட் இயர்,” என்றாள் மங்கை. “அப்பவே சொன்னேன்.”

அவர் இடது காதை அவள் கையிலேயே விட்டுவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“இன்னும் என்னென்ன சொன்னே?” என்றார்.