தொப்பிக் கோடு

கறுப்பாயிருக்கிற பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை வேஷம் கிடையாது. இது கேத்ரினுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துபோயிற்று. வருஷா வருஷம் மேய்ப்பன் வேஷம்தான். கம்பளியைப் போர்த்திவிட்டு, கையில் ஒரு கம்பைக் கொடுத்து, "நீ ஓரமா நில்லு தாயி" என்பார்கள். ஒரு வருஷம் கம்பைக் கீழே போட்டுவிட்டு மேடை நடுவில் போய் நின்றுகொண்டாள். அம்மா அன்னத்தாய் வீட்டுக்கு இழுத்து வந்து முதுகில் நாலு வைத்தாள். வாங்கிக்கொண்டாளே தவிர, வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குணம் இன்றைக்கு வரைக்கும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

ஊரே நைட்டி தைக்கிற தளவாய்புரத்தில் பிறந்தவளுக்கு அந்தத் தொழில் தெரியாமல் இருக்குமா? படிப்பு முடிந்ததும் ஒரு நைட்டிக் கம்பெனியில் பிரிண்டிங் வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டரில் பூ வரைந்து, அதை இடம் வலமாகத் திருப்பித் தாளில் அச்சடித்து, துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் பூ துணிக்குத் தாவிவிடும். "இந்தப் பழைய துணி நெறத்துக்கே வேணும்" என்று யாராவது வந்தால், கேத்ரின் தையலைப் பிரித்து மடிப்புக்குள் பார்ப்பாள். வெயில் படாத மடிப்பில்தான் துணியின் அசல் நிறம் இருக்கும். அந்தப் பழக்கம் அவள் கையில் அப்படியே ஊறிக் கிடந்தது.

அதே வேலையை மனுஷ முகத்துக்குச் செய்கிற மிஷின் வந்திருக்கிறது என்று போனில் பார்த்த அன்றைக்கு அதை வாங்கியே தீர வேண்டும் என்ற ஆசையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முகத்தைக் கேமரா படம் பிடிக்கும். தோலில் ஓர் இடத்தைக் காட்டினால் அதன் நிறத்தைப் படித்து, அதற்கேற்ற மேக்கப் மையை மெல்லிய தாளில் அச்சடிக்கும். முகத்தில் ஈரப்பசை தடவி, தாளை ஒட்டி, பஞ்சால் ஒற்றி உரித்தால் கன்னம், இமை, உதடு எல்லாம் ஒரே வீச்சில் வந்துவிடும். ராஜபாளையத்தில் கடை போட்டாள். "மூஞ்சிக்குமா நைட்டி பிரிண்டு?" என்று ஊர் சிரித்தது. "ஆமா, வாங்க, சாயம் போகாது" என்றாள். வாசலில் பெரிதாக ஒரு போர்டும் வைத்தாள்: 'இங்கே கலர் ஏற்றித் தரப்படாது.' போர்டைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் போர்டைப் பார்த்தே உள்ளே வந்தவள் கனகலட்சுமி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண். போலீஸ் வேலை. பஸ் ஸ்டாண்டு முக்கில் நாள் பூரா வெயிலில் நின்று வண்டிகளைத் திருப்பிவிடுகிறவள். ராணுவத்தில் இருக்கிற பாண்டிதுரைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள்.

"அக்கா, பொண்ணு பாக்க வந்தப்பவே அவிய அம்மா 'பிள்ளைக்குக் கலர் கம்மி'ன்னு சொன்னாவ. மேடையில வேற மூஞ்சியோட உக்காந்தேன்னா காலம் பூரா அந்த மூஞ்சியத்தான் எங்கிட்டத் தேடுவாவ. கல்யாணத்தன்னைக்கு நான் நானா இருக்கணும். செய்வீங்களா?"

"அதுக்குத்தான கடையே வச்சிருக்கேன்" என்றாள் கேத்ரின்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கனகலட்சுமி வந்து உட்கார்ந்தாள். கேமரா படம் பிடித்தது. நிறம் எடுக்க இடத்தைக் காட்டு என்றது மிஷின். கேத்ரினின் கை மூளையைக் கேட்கவே இல்லை. நெற்றி முடியை ஒதுக்கி, மயிரோரத்துத் தோலைக் காட்டிவிட்டது. பெண் போன பிறகு தாள் அச்சாகி வந்தது. தாளைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தோலில் ஏறினால்தான் தெரியும். மிஷினையும் மிச்சமிருந்த ஒரே வெற்றுத் தாளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, காலையில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மணப்பெண் அறையில் தாளை ஒட்டி, ஒற்றி, உரித்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா வெள்ளத்தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தீ! எம்புட்டு கலரு! ஏட்டி, நீ கைகாரிதான். எங்க அக்கா மக கல்யாணம் வருது, கொழுந்தன் வீட்டுச் சடங்கு வருது, அம்புட்டும் இனி உனக்குத்தான்!"

கனகலட்சுமி கண்ணாடியைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் கன்னத்தோடு ஒட்டி வைத்தாள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

"அக்கா, இது யாரு?"

கேத்ரினுக்கு அப்போதுதான் பொட்டில் அடித்தது. துணி வெயிலில் வெளுக்கும். மனுஷத் தோல் வெயிலில் கறுக்கும். துணிக்கு மடிப்பைப் பார்க்கிற பழக்கத்தில் போலீஸ்காரியின் தொப்பிக்கு அடியில் போய் நிறம் எடுத்திருக்கிறாள். மடையச்சி! வாசலில் போர்டு வைத்துவிட்டுத் தன் கையாலேயே கலர் ஏற்றிவிட்டாளே! பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாமியார்க்காரிக்குச் சந்தோஷம், கடைக்கு வரிசையாய் வேலை. எல்லாம் ஒரு கணம் மனதில் ஓடத்தான் செய்தது. கண்ணாடிக்குள் அந்தப் பெண் இன்னும் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுது தாயி. தொப்பிக்குள்ள கெடந்த நெறத்த எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, எண்ணெயில் பஞ்சை நனைத்து ஒரு பக்கக் கன்னத்தை வழித்தாள்.

வெள்ளத்தாய் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே ஒரு கணம் தடுமாறியிருக்கும். "ஏட்டி, என்ன காரியம் பண்ணுதே! நல்லா வந்தத ஏன் அழிக்கே?"

"நல்லா வரலம்மா. தப்பா வந்திருக்கு."

"எனக்கு அந்தத் தப்புதாம்டி வேணும்!"

"வேணும்னா உக்காருங்க, உங்க மூஞ்சியில போட்டுவிடுதேன்."

"கொழுப்பப் பாரு! இனி இந்தச் சுத்துப்பட்டுல ஒரு கல்யாண வீட்டு வாசப்படிய நீ மிதிச்சிருவியா? பாக்கேன்!"

பயமில்லை என்று சொன்னால் பொய். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வெள்ளத்தாய்க்குச் சொந்தக்காரர்கள் இல்லாத தெரு கிடையாது. ஆனாலும் கேத்ரின் கையை எடுக்கவில்லை, அடுத்த கன்னத்தையும் வழித்தாள்.

சத்தம் கேட்டுப் பாண்டிதுரை வாசலுக்கு வந்தான். கட்ட வேண்டிய தலைப்பாகை இன்னும் கையில்தான் இருந்தது. கனகலட்சுமி எழுந்தாள். ரோட்டில் லாரியை நிறுத்துகிற அதே கையை நீட்டினாள்.

"அத்தை, உங்க மகன் நெத்தியப் பாருங்க."

பாண்டிதுரையின் நெற்றியில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. மேலே தொப்பி காத்த வெளுப்பு, கீழே எல்லை வெயில் ஏற்றிய கறுப்பு.

"அவிய வெயில்ல நின்னா ஊரே சல்யூட் அடிக்குது. நான் பஸ் ஸ்டாண்டுல நின்ன வெயிலு மட்டும் கேவலமா? அவியளுக்கு ஏன் நீங்க வெள்ளை அடிக்கச் சொல்லல?"

"அவன் ஆம்பளப் பைய..." என்று ஆரம்பித்தாள் வெள்ளத்தாய்.

பாண்டிதுரை நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "நேரமாவுதும்மா. அவ மூஞ்சிய அவகிட்ட விட்டுட்டு வா."

கனகலட்சுமி மறுபடி உட்கார்ந்தாள். "அக்கா, எனக்கும் அந்தக் கோடு இருக்குல்லா? அதையும் சேத்தே போடுங்க."

கேத்ரின் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முத்தம் வைத்தாள். கன்னத்தில் ஒரு தடவை, நெற்றியில் ஒரு தடவை நிறம் எடுத்தாள். கோட்டை அழித்து ஒரே நிறமாக்கட்டுமா என்று மிஷின் கேட்டது. வேண்டாம் என்று ஓங்கி அழுத்தினாள். கடைசித் தாள் அச்சாகி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி, ஒற்றி, உரித்தாள். கன்னத்து மினுக்கம் வந்தது, கண் மை வந்தது, உதட்டுச் சிவப்பு வந்தது. தொப்பிக் கோடும் ஜம்மென்று வந்து நின்றது. கண்ணாடியைப் பார்த்த கனகலட்சுமி இந்தத் தடவை யாரென்று கேட்கவில்லை.

தாலி ஏறியது. கேத்ரின் மிஷினைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, முதல் பந்தியிலேயே நடு இலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். பந்தி விசாரிக்க வந்த வெள்ளத்தாய் அவள் இலைக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"இன்னும் நீ போகலியா?"

"போறேன்ம்மா. பாயசம் வரல."

வெள்ளத்தாய் குனிந்து பல்லைக் கடித்தாள். "மண்டபம் பூரா அந்தக் கோட்டத்தாம்டி பாக்குது!"

கேத்ரின் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டே மேடையைப் பார்த்தாள். "பாக்கட்டும்மா. அதுக்குத்தான போட்டேன்."