கப்ளிங்கில் வைத்த பொட்டு

நேற்று மாலை மகளைக் குளிப்பாட்டி, கன்னத்தில் மைப்பொட்டு வைக்கும்போது போன் வந்தது. மாலைதீவில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் என் கணவர், வீடியோவில் முகத்தைக் காட்டாமல் கிரீஸ் பூசிய இரும்புத் தட்டொன்றைக் காட்டினார். எஞ்சினையும் படகைத் தள்ளும் விசிறியின் தண்டையும் இணைக்கிற கப்ளிங். தண்டு வழியாகத் தண்ணீர் கசிகிறதாம். கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றி, காலையில் திரும்பப் பூட்டிக் கடலுக்குப் போவார்களாம்.

"ரெண்டு தட்டுலயும் அடையாளம் வச்சீங்களா?"

"உளியால வெட்டியாச்சுங்க பாஸம்மா. புள்ளயக் காட்டு."

"ஓட்டிப் பாக்கிறப்ப போன் போட்டு எஞ்சின் பக்கத்துல வைங்க. சத்தத்தக் கேக்கணும்."

"ஒங்கப்பா மகதான் நீ," என்று சிரித்தார்.

பள்ளி உயர்தர வகுப்பில் நான் படித்தது கணக்கியல். கப்ளிங் எனக்குக் கிரீஸும் தேயிலைத் தூளும் கலந்த அப்பாவின் சட்டை வாசத்தோடு வந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில் அவர் மெக்கானிக், தோட்டத்தாருக்கு 'பாஸ்'. எங்கள் லயத்து வீட்டுக்கு நேர் கீழே பெக்டரி. கொழுந்து உருட்டும் ரோலரின் சத்தம் சீராக இருக்கும்வரை அம்மா நிம்மதியாக ரொட்டி தட்டுவார்.

ஒரு வருடம் சரஸ்வதி பூசைக்கு முதல்நாள், பெயாரிங் மாற்ற அப்பா ரோலரின் கப்ளிங்கைக் கழற்றினார். அடையாளம் போடச் சோக்கட்டி கையில் அகப்படவில்லை. சாமிப் படத்துக் குங்குமத்தைத் தொட்டு, இரண்டு தட்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். பூட்டும்போது பொட்டும் பொட்டும் நேரே நிற்க வேண்டும். மறுநாள் பூசைக்கு அலங்கரிக்க வந்த பெண்கள், சாக்கில் கிடந்த தட்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட் துளைக்குப் பக்கத்திலும் சந்தனம், குங்குமம். நான் சுண்டலுக்காகப் போய் நின்றபோது அப்பா, தான் வைத்த பொட்டு எதுவென்று தெரியாமல் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தப் பொட்டோட பாவமாக் கெடந்துச்சு பாஸ்," என்றார் ஒரு அக்கா. "இனி நல்லா ஓடும் பாருங்க."

அப்பாவும் சிரித்துவிட்டார்.

அடுத்த நாள் மேல்மாடியில் கொழுந்து வாடிக் கிடந்தது. ஒவ்வொரு துளையாகப் பொருத்திப் பார்க்க பெக்டரி அதிகாரிகள் நேரம் கொடுக்கவில்லை. குத்துமதிப்பாகப் பூட்டினார். ரோலர் ஓடத் தொடங்கியதும், சுற்றுக்கு ஒரு முறை 'டொக்' என்றது. ரொட்டி மாவில் அம்மாவின் கை நின்றது.

"சத்தம் சரியில்லயே."

அம்மா செருப்பைத் தேடுவதற்குள் சத்தமே நின்றுபோனது. போல்ட் முறிந்து தெறித்து அப்பாவின் வலது மணிக்கட்டில் அடித்திருந்தது. அதன்பிறகு அந்தக் கை ஸ்பேனரைப் பிடிக்கவில்லை. பெக்டரிக் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். "ஆசையாத்தானே வச்சாங்க," என்பார், இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்பா போய்விட்டார். பெக்டரியையும் மூடிவிட்டார்கள், கொழுந்து லொறியில் வேறெங்கோ போகிறது.

இன்று மத்தியானம் வரை கணவரிடமிருந்து போன் இல்லை. மறந்திருப்பார், கடலில் சிக்னல் இருக்காது, அவசரத்தில் கிளம்பியிருப்பார்கள். எல்லாக் காரணங்களையும் நானே சொல்லி, நானே நம்பாமல் இருக்கிறேன். வெட்டிய அடையாளத்தைக் காட்டச் சொல்லியிருக்கலாம்.

அம்மா நின்ற அதே அடுப்படியில் நின்று காது கொடுத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்குக் கேட்பதற்கு ஒரு சத்தமாவது இருந்தது.