விலாங்கின் இடது முட்டி

வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் பையைத் திறந்து காட்டினால் விலாங்கு அதைப் பார்ப்பதில்லை. "மூடுப்பா, அதுல என்ன இருக்கப் போகுது, காலி டப்பாதானே" என்பார். அவர் பார்ப்பது இடுப்பை. கிடங்கின் பின்வாசலில், இரும்புக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்தில், ஒரு தோளைச் சுவரில் கொடுத்து நின்றுகொண்டு, வரிசையில் வருகிற ஆண்களின் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். (பெண்கள் வரிசை அடுத்த வாசலில். அதற்கு வேறோர் அம்மா.) முகம் சிரிக்கும், கை வீசும், கால் நேராகத்தான் நடக்கும். ஆனால் சட்டைக்குள் ஒரு சென்ட் பாட்டிலைச் செருகியவனின் இடுப்பு மட்டும் அதை அலுங்காமல் சுமந்து அரை விரல் அகலம் விலகித் திரும்பும். "நீ கொஞ்சம் ஓரமா நில்லு ராஜா."

பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன் வாயாடி. "அண்ணே, சந்தேகப்படுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான். எங்க வீட்டுல ஓசியிலயே படுறாங்க" என்பான். வரிசை முழுக்கச் சிரிக்கும். விலாங்கு சிரிக்க மாட்டார். இவன் ஏன் இன்றைக்கு இவ்வளவு கலகலப்பாக இருக்கிறான் என்று யோசிப்பார். அவன் போன பிறகு வண்டியின் இருக்கையைத் தூக்கி அடியில் பார்ப்பார்.

விலாங்கு என்பது கால்பந்து ஆடிய காலத்துப் பெயர். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமே, அது. இடது ஓரத்தில் பந்தோடு வருவார். தடுக்க ஒருவன் எதிரே வந்ததும் இடது தோள் லேசாக இறங்கும், இடுப்பு அந்தப் பக்கம் கிளம்பும். அவனும் அந்தப் பக்கம் கிளம்புவான். கிளம்பிய பிறகுதான் தெரியும், போனது இடுப்பு மட்டும், ஆளும் பந்தும் போகவில்லை என்று. தடுப்பாட்டக்காரர்களுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம், காலைப் பார்க்காதே, கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார், இடுப்பு பொய் சொல்லாது என்பது. உலகத்தில் எல்லாருடைய இடுப்பும் பொய் சொல்லாது. இவருடையது சொல்லும். ஏமாந்து புல்லில் உட்கார்ந்துவிட்ட எதிரணிக்காரன் ஒருவன், உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டியிருக்கிறான்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரல் அவர்களுக்கு வந்துவிடுகிறது. ஆள் என்னவோ பின்வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

ஊரையே ஏமாற்றத் தெரிந்தவனுக்கு, ஊரே தன்னை ஏமாற்றுவதாகத் தோன்றும் போலிருக்கிறது. பெரிய கிளப் அவரை எடுத்துக்கொண்டபோது மீசை சரியாக முளைக்காத வயது. உடைமாற்றும் அறையில் எல்லாரும் ஒரே கேன் தண்ணீரைக் குடித்தபோது அவர் மட்டும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார். காலணிப் பைக்குப் பூட்டுப் போட்டார். பந்து சற்றுப் பின்னால் வந்தால், "வேணும்னே போடுறான்." முன்னால் வந்தால், "என்னை ஓடவிட்டு மூச்சு வாங்க வைக்கிறான்." மிகச் சரியாகக் காலடியில் வந்து விழுந்தால்தான் உண்மையான கவலை: "இவன் ஏன் இன்னிக்கு இவ்வளவு நல்லவனா இருக்கான்?"

இந்த நிலையில் இடது முட்டியில் நீர் கோத்தது. கிளப் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், ஒரு பருவம் ஓய்வெடுத்தால் பழையபடி ஆடலாம் என்றார்.

"அதுவரைக்கும் என் இடத்துல யாரு ஆடுவா?"

"கிளப் செயலாளரோட அக்கா பையன் இருக்கான்ல."

அவ்வளவுதான். விலாங்கின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அதை அணைக்க அப்புறம் யாராலும் முடியவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றார். பயிற்சியாளர் கெஞ்சினார். கெஞ்சியதே சதிக்குச் சாட்சியாகிவிட்டது. வலியை வெளியே காட்டினால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று, எதிரியை ஏமாற்றிய அதே இடுப்பால் முட்டியின் இழுப்பை மறைக்கக் கற்றுக்கொண்டார். பத்தாயிரம் பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாலை, சாதாரண ஆட்டம், பந்து தானாக உருண்டு அவரிடம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. திரும்பினார். முட்டி திரும்பவில்லை.

மறுநாள் கைத்தடியோடு மைதானத்துக்குப் போனார். விழுந்த இடத்தில் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். "அந்த இடத்துல மட்டும் புல்லு கொஞ்சம் பச்சையா இருந்துச்சு. ஏன் இருந்துச்சு? யாரோ நோண்டிட்டு மூடியிருக்கான்" என்று இன்றைக்கும் சொல்வார். செயலாளரின் அக்கா பையனோ அந்த வருடமே பந்தாட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கடை வைத்துவிட்டான். அப்படியானால் அவன் உங்கள் இடத்துக்கு ஆசைப்படவில்லை என்றுதானே அர்த்தம் என்று யாராவது கேட்டால், விலாங்கு பரிதாபத்தோடு பார்ப்பார். "தடயத்தை மறைச்சிருக்கான்பா. உனக்குப் புரியாது."

இத்தனை வருடமும் அவர் நொண்டியதை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பழைய வித்தை உடம்போடு ஒட்டிவிட்டது. கண்டுபிடித்தது மனைவி மட்டும்தான். பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் வேலை. துணியின் எந்த இடம் முதலில் தேயும் என்று பார்த்துப் பழகிய கண். ஒருநாள் அவருடைய செருப்புகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வலது செருப்பு தேஞ்சு தரை தெரியுது. இடது இன்னும் கடையிலேயே இருக்கு. யாருகிட்டங்க காட்டுறீங்க இந்த வித்தையை?"

"செருப்புக்காரன் ரெண்டு ஜோடியைக் கலந்து குடுத்திருப்பான்."

"ஆமா. அவனும் செயலாளருக்குச் சொந்தம்."

போன மாதம் வாசலில் நிற்கும்போதே முட்டி பூட்டிக்கொண்டது. நகர முடியவில்லை. ஷிஃப்ட் முடிகிறவரை, போன ஆட்களையே திரும்பக் கூப்பிட்டு இரண்டாவது முறை சோதனை போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். மேலாளருக்கு என்ன தெரிந்ததோ, அடுத்த வாரம் கூப்பிட்டு, "இனிமே வாசல்ல நிக்கிறதோட கிடங்கைச் சுத்தியும் நடக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்றார். வீட்டில் அன்றைக்கு மனைவி குரலை உயர்த்தவில்லை. அதுதான் விலாங்கைக் கலக்கியது. "என் ஒருத்தி தையல்ல ரெண்டு பேரும் சாப்பிடலாம். அது பெருசில்ல. ஆனா நீங்க நாள் பூரா வீட்டுக்குள்ள உக்காந்து என்னையும் சந்தேகப்பட ஆரம்பிப்பீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியாது."

டாக்டரைப் பார்க்க ஒப்புக்கொண்டார். ஆனால் டாக்டரை எப்படி நம்புவது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் டாக்டரிடம் போய், ஒரு குறையும் இல்லாத வலது முட்டியைக் காட்டி, "இதுதான் சார், உயிர் போகுது" என்றார். அந்த டாக்டர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். விலாங்கு வெளியே துள்ளிக் குதிக்காத குறையாக வந்தார். "பார்த்தியா? நல்ல முட்டியை அறுக்கப் பார்க்கிறான்! நான் சொன்னா நம்ப மாட்டியே!" கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை மனைவி பார்த்ததில்லை. சந்தேகம் நூற்றில் ஒருமுறை பலித்தால் போதும், மீதித் தொண்ணூற்றொன்பதுக்கும் அது சாட்சி சொல்லக் கிளம்பிவிடும்.

அடுத்த மருத்துவமனையிலும் அதே ஆட்டம். பெயர் பதிகிற இடத்தில் எந்த முட்டி என்று கேட்டார்கள். "வலது." உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண். வலது முட்டியை மடக்கினார், நீட்டினார், விட்டுவிட்டார்.

"இதுல ஒண்ணும் இல்ல சார். அந்தக் காலைக் காட்டுங்க."

"எந்தக் காலை?"

"நீங்க காட்டாத காலை."

"நான் நொண்டவே இல்லையே டாக்டர்."

"நொண்டல. நொண்டாம இருக்க உங்க இடுப்பு படுற பாட்டைக் கதவுகிட்டயே பார்த்துட்டேன்."

இடது முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். விலாங்கு யோசிக்க ஆரம்பிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டு, "எப்ப வந்து சேரணும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் விலாங்கு தன் இடுப்பையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "இந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு எதிர் டீம்ல ஆடியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இரண்டு நிறுத்தம் தாண்டி, "ஆமா, அவ ஏன் அவ்வளவு உன்னிப்பா பார்த்தா?" என்றார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். இந்த மனிதன் மனம் மாறுவதற்குள் அந்த நாள் வந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுதல்.

வந்தது. பச்சை அங்கியில் விலாங்கு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்த நர்ஸ் ஒருவர் நீலப் பேனாவோடு வந்து, பெயர் பதிந்தபோது எழுதிய சீட்டைப் பார்த்தார். நேராக வலது முட்டியில் அம்புக்குறி போடக் குனிந்தார்.

"சிஸ்டர், அது இல்ல. இடது."

"வலதுன்னு போட்டிருக்கே. நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அது பொய்."

நர்ஸ் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். பின்வாசலில் விலாங்கு மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது. தன்மேல் விழுந்து அவர் அறிந்ததில்லை.

"வலி எந்தக் கால்லன்னு யாராவது பொய் சொல்லுவாங்களா?"

"டாக்டரைச் சோதிக்கிறதுக்காக அப்படிச் சொன்னேம்மா. டாக்டரையே கேளுங்க."

"டாக்டர் வேற ஆபரேஷன்ல இருக்காங்க. படமும் அவங்ககிட்ட இருக்கு. ஆளு ஒண்ணு சொல்லி சீட்டு ஒண்ணு சொன்னா, இன்னிக்குக் கிடையாதுன்னு நான் நிறுத்தணும். அடுத்த மாசம்தான் இனி."

கதவருகே நின்ற மனைவியின் முகம் வெளிறியது. அடுத்த மாதமாவது! இன்றைக்கு இந்தக் கட்டிலிலிருந்து இறங்கினால் மனிதன் மறுபடி ஏற மாட்டான். இன்று நிறுத்தியதற்கே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவான், அதற்குள் இந்த நர்ஸும் செயலாளருக்குச் சொந்தமாகிவிடுவாள்.

"சிஸ்டர், நான் அவர் சம்சாரம். இடதுதான் சிஸ்டர். சத்தியமா."

"உங்களுக்கு வலிக்குதா? அவருக்குத்தானே வலிக்குது." நர்ஸ் பேனாவை மூடினார். பிறகு மனசு கேட்காமல், "சரி, சும்மா வாயால சொன்னா வேலைக்காகாது. இறங்குங்க சார். அந்தச் சுவர்வரைக்கும் நடந்து காட்டுங்க. நான் பார்த்துட்டு டாக்டருக்கு ஆள் அனுப்புறேன்" என்றார்.

விலாங்கு இறங்கினார். தள்ளுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். அத்தனை கண்கள் தன்மேல் விழுந்ததும் உடம்பு அவரைக் கேட்கவில்லை. தோள் நேரானது, இடுப்பு தன் வேலையைத் தொடங்கியது. சுவர்வரை, நூல் பிடித்தது போல, ஒரு பிசிறில்லாமல், அழகாக நடந்து போனார்.

"ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு!" என்றார் நர்ஸ்.

சுவரைப் பார்த்து நின்றிருந்த விலாங்கின் கழுத்தில் வியர்வை இறங்கியது. "வலிக்குது சிஸ்டர்" என்றார். அவருக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

மனைவி உள்ளே வந்துவிட்டார். "ஏங்க" என்றார். "உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். நொண்டுங்க."

விலாங்கு திரும்பினார். பிறகு இடது தோள் இறங்கியது, ஏறவில்லை. இடுப்பு சரிந்தது, அதை அவர் பிடிக்கவில்லை. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு, பாதம் வெளியே கோணி, ஒவ்வோர் அடிக்கும் உடம்பை ஒரு பக்கமாக உலுக்கியது. வாய் திறந்து முனகல் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். கட்டிலுக்குப் பாதி தூரத்தில் நின்று, பேனாவோடு நின்றிருந்த அந்த நர்ஸை நோக்கி, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினார்.