முதலில் பிரேக்

என் கணவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். நாள் முழுவதும் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதரிடம், கார் பந்தயத்துக்குப் போகப் போகிறேன் என்று சொல்வது சுலபமில்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, எந்தக் காரில் என்று மட்டும் கேட்டார்.

கார் வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெங்களூரில், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். லேத்திலிருந்து வரும் ஷாஃப்டுகளை அளந்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைப்பது என் வேலை. அல்சூரில் இருக்கும் வீட்டிலிருந்து மெட்ரோவிலேயே போய் வந்துவிடலாம் என்பதால் வேலைக்குக் கார் தேவையில்லை. பிறகு எதற்கு என்று அவர் கேட்டபோது, ஓட்டுவதற்கு என்றேன். வேறு காரணம் எதையும் நான் தேடவில்லை.

சிவப்பு நிறச் சின்னக் கார். டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மூச்சு யோசிக்கும், பிறகு முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பையனிடமிருந்து வாங்கினேன். மற்ற கார்களைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, தரையோடு ஒட்டி நின்றது. அந்த அழகிலும்தான் மயங்கினேன்.

தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருக்கும் ஒரு பெண்தான் ஹொஸ்கோட்டே தாண்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள். பெரிய காலி மைதானம், ஆரஞ்சு நிறக் கூம்புகளால் அமைத்த வளைவுகள், ஒரு நேரத்தில் ஒரே கார். யாரோடும் மோத வேண்டியதில்லை, கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. சனிக்கிழமை மாலை தேவாலயத்தில் பார்த்த பூசையையே ஞாயிறு பூசைக் கணக்கில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினேன்.

முதல் ஓட்டத்தில் பாதையை நினைவில் வைப்பதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் துணிந்து மிதித்தேன். இடமும் வலமுமாக அடுத்தடுத்து வந்த வளைவுகளில் கார் துள்ளியது. ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் முன்பக்கம் எங்கே போவது என்று முடிவெடுக்காததுபோல் நின்றது. மூன்றாவது ஓட்டத்தில் எரிந்த வாடை வந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. வேகம் குறைந்ததே தவிர, கார் நிற்கவில்லை. கூம்பு வரிசைக்குள் நேராகப் புகுந்து, ஒன்றை அடியில் இழுத்துக்கொண்டே போய் மண்ணில் நின்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கொடி பிடித்திருந்த ஒருவர் குனிந்து கூம்பை உருவி எடுத்தார். அன்றைக்கு நான்தான் கடைசி. பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த ஓர் இளைஞன் நல்ல மனதோடுதான் சொன்னான், ரீமேப் செய்துகொள்ளுங்கள் மேடம் என்று. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமை மாற்றி எழுதினால் சக்தி கூடுமாம். எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்களாம்.

திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டினேன். நிற்காத காருக்கு இன்னும் வேகம் எதற்கு என்றுதான் வழி முழுக்க மனதில் ஓடியது. அவமானமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கே.ஆர்.புரம் நெரிசலில் நின்றபோதே தீர்மானித்துவிட்டேன். இந்தக் காரை நான் மாற்றப் போகிறேன். பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.

பம்பரில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் தீற்றலைக் கணவர் தடவிப் பார்த்தார்.

"வித்துடலாமா?" என்றார்.

"இல்லங்க. மாத்தப் போறேன்."

"மாத்தினா இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணும். சொல்லாம மாத்தினவங்க கேஸெல்லாம் கடைசியில என் டேபிளுக்குத்தான் வருது."

"அப்ப சொல்லிட்டே மாத்தறேன்."

அடுத்த சனிக்கிழமை அடுகோடியில் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்க அவரும் கூட வந்தார். சுவர் முழுக்கப் பளபளக்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள் மாட்டியிருந்தன. உரிமையாளர் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்காரர், கனத்த உடம்பு, பேச்சில் உற்சாகம். நேராக என் கணவரிடம் போய், "சார், வண்டிக்கு இன்னா பண்ணணும்?" என்றார்.

"வண்டி அவங்களுது," என்றார் கணவர். "நான் சும்மா வந்தேன்."

உரிமையாளர் கூச்சப்படவில்லை. என் பக்கம் திரும்பி, ரீமேப், எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் வண்டி எப்படிப் பறக்கும் என்று விளக்கினார். நான் முழுவதும் கேட்டுவிட்டு, பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர் இவைதான் முதலில் வேண்டும் என்றேன்.

"பிரேக் போட்டா வெளிய தெரியாது மேடம். எக்ஸாஸ்ட் போட்டா சத்தத்துலயே அடுத்த சிக்னல் வரைக்கும் தெரியும்."

"யாருக்கும் தெரிய வேணாம். நிக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டு செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் அட்டையை எடுத்தார். நான் இன்னொன்றும் சொன்னேன். முந்தின நாள் வீட்டில் டேப்பை வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே இருக்கும் தகட்டு வளைவு வரை நாலு பக்கமும் அளந்திருந்தேன். முன் இடது பக்கம் வலதைவிட ஒரு விரல் அகலம் தாழ்ந்திருந்தது. பெங்களூர் ரோட்டில் ஸ்பிரிங் சோர்ந்துபோவது சகஜம், அதற்கெல்லாம் பேஜார் ஆக வேண்டாம் என்றார் அவர். சோர்ந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே சோர வேண்டும் என்றேன். தூக்கிப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டேன்.

லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். உரிமையாளர் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கார்க் கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங்கின் நுனி ஒழுங்காக முடிந்திருக்கும். இதில் நுனியே இல்லை. கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் சூடு பட்ட நீலம் இன்னும் இருந்தது. வலது பக்கமும் அப்படித்தான், அங்கே கொஞ்சம் குறைவாக அறுத்திருந்தார்கள். நான் மயங்கிய அந்தத் தாழ்ந்த நிற்பு இப்படித்தான் வந்திருந்தது. காசு செலவழித்துத் தாழ்வான ஸ்பிரிங் வாங்காமல், இருந்ததையே வெட்டி விட்டிருக்கிறான், எனக்கு விற்ற அந்தப் பையன். உட்கார வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் சரியாக உட்காராமல், ஒவ்வொரு குழியிலும் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். தொழிற்சாலையில் இப்படி ஒரு பாகம் என் மேசைக்கு வந்திருந்தால் அதை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

கணவர் வழக்கப்படி நாலைந்து கோணத்தில் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த வண்டியிலயா நீ ஹொஸ்கோட்டே போயிட்டு வந்தே?"

அவர் வெளியே டீக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் விற்றுவிடு என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய பதிலையும் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். அவரோ உள்ளே வந்து உரிமையாளரிடம், கம்பெனி ஸ்பிரிங் வர எத்தனை நாளாகும் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இத இப்படியே இன்னொருத்தர் தலையில கட்ட முடியாது. சரி பண்ணித்தான் ஆகணும்," என்றார்.

அடுக்கி வைத்திருந்த பதில்கள் வீணாகிவிட்டன.

ஆக, என்னுடைய முதல் மாற்றம் வேறொருவன் செய்த மாற்றத்தைக் கழற்றிப் போட்டதுதான். நாலு பக்கமும் கம்பெனி ஸ்பிரிங் போட்டோம். அதற்கு ஏற்றாற்போல் கொஞ்சம் இறுக்கமான ஷாக் அப்சார்பர்கள், சூட்டைத் தாங்கும் பிரேக் பேடுகள், சீக்கிரம் கொதிக்காத பிரேக் ஆயில், நல்ல பிடிப்புள்ள டயர்கள். கார் முன்பைவிட உயரமாக, சாதுவாக நின்றது. பார்த்தால் ஆசிரியை ஒருவர் பள்ளிக்கு ஓட்டிப் போகும் வண்டிபோல் இருந்தது. ரீமேப்பை மறந்துவிடவில்லையே என்று உரிமையாளர் சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். அதற்கும் வருவேன் என்றேன்.

பிரேக் ஆயில் மாற்றுவதை மட்டும் நானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பந்தயத்துக்குப் போய் வரும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அடுகோடிக்கு ஓடி வர முடியாது. உரிமையாளர் முதலில் தயங்கினாலும் பிறகு நன்றாகவே சொல்லித் தந்தார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு திருகைத் திறந்து, பழைய ஆயிலையும் காற்றுக் குமிழிகளையும் வெளியேற்றி மூட வேண்டும். உள்ளே உட்கார ஆள் யார்? இஸ்திரி போட்ட சட்டையோடு கணவர் ஏறி உட்கார்ந்தார்.

நான் கீழேயிருந்து அமுக்குங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லச் சொல்ல அவர் செய்தார். ஒரு தடவை நான் மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டார். சர்ரென்று காற்று உள்ளே போய்விட்டது. அந்தச் சக்கரத்தை மறுபடி முதலிலிருந்து செய்தோம். அதற்குப் பிறகு, நான் மூடிவிட்டேன் என்று சொல்லும் வரை அவர் கால் அசையவில்லை. முடிந்ததும் பெடலை ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். கல்போல் நின்றது.

அன்று ஓசூர் ரோட்டில் வீடு திரும்பும்போது, முன்னால் போன தண்ணீர் கேன் ஆட்டோ காரணமே இல்லாமல் சட்டென்று நின்றது. மிதித்தேன். கார் துள்ளவுமில்லை, ஒரு பக்கம் இழுக்கவுமில்லை. அப்படியே அமர்ந்து நின்றது. கணவர் கை டேஷ்போர்டில் ஊன்றியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தார்.

அடுத்த பந்தயத்துக்கு அவரும் வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். மண் படிந்த ஈரத் தளத்தில் முதல் ஓட்டத்தை நிதானமாக முடித்தேன். இரண்டாவதில் வேகத்தைக் கூட்டினேன். திருப்பினால் திரும்பியது. பிரேக்கை மிதித்தால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே உறுதியோடு பிடித்தது. கடைசி ஓட்டம் வரை ஒரு கூம்புகூட விழவில்லை. நடுவாக்கில் ஓர் இடம் கிடைத்தது. ரீமேப் செய்யச் சொன்ன இளைஞன்தான் அன்று முதலிடம். நானே போய்க் கை கொடுத்தேன். அவன் கார் நன்றாக ஓடியது மட்டுமில்லை, நன்றாக நிற்கவும் செய்தது.

மழைக்காலம் முடிந்ததும் அடுகோடிக்குப் போய், இப்போது எஞ்சினைத் தொடலாம் என்றேன். உரிமையாளர் கைதட்டாத குறை. எஞ்சினையும் கிளட்சையும் வருத்தாத அளவுக்கு மிதமான ரீமேப். எக்ஸாஸ்டை விட்டுவிட்டோம், எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் அதிகம். கணவர் தன் பங்குக்கு, செய்த மாற்றங்களையெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தார். அவருடைய அலுவலகத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. உங்கள் வீட்டு ரேஸர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் சுளிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

மூன்றாவது பந்தயத்தில் பயிற்சி ஓட்டத்துக்குப் பக்கத்து சீட்டில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நான் அவரைக் கேட்கவில்லை. அவராகவே போய் ஹெல்மெட் வாங்கி வந்தார். மூக்குக் கண்ணாடியோடு அதை மாட்ட முடியாமல், கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி ஒரு வழியாக உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கொடி விழுந்ததும் கிளம்பினேன். கார் இப்போது யோசிக்காமல் இழுத்தது. வளைவுகள் முன்பைவிடச் சீக்கிரம் எதிரே வந்தன. அவர் கதவுப் பிடியை விடவில்லை, ஆனால் மெதுவாகப் போ என்றும் சொல்லவில்லை.

நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு சீராகும் வரை காத்திருந்தேன்.

"மூணாவது வளைவுல நீ கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டுட்ட," என்றார்.

உண்மைதான். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று போட்டேன். அவரை இறக்கிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றேன். போட்டி ஓட்டத்தில் அந்த வளைவுக்குப் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டேன். ஒரு கூம்பு சாய்ந்தது. அதற்கான அபராத நொடிகளைச் சேர்த்த பிறகும், அதுவரை நான் ஓட்டியதிலேயே அதுதான் குறைந்த நேரம்.