எங்கள் தலைக்கு மேல் பங்கர்

மூடுபனியில் ஆட்டோ தெரியவில்லை, அதன் மைக் மட்டும் கேட்டது. நான் வாசல் குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். “மேலே உள்ள கோல்ஃப் மைதானத்தைச் சீரமைத்து, புதிய பங்கர்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ளதால், கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் பொதுமக்கள் அனைவரும் தவறாமல்…” அதற்குள் ஆட்டோ வளைவில் திரும்பிவிட்டது. மீதி வாக்கியத்தைத் தேயிலைச் செடிகள் கேட்டுக்கொண்டன.

தவறாமல் என்ன? தவறாமல் காலி செய்ய வேண்டுமா? வாயிலிருந்த பற்பசையை விழுங்கிவிட்டேன்.

என் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வரிசை இருக்கும் இடம் தெரிய வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் ஒரு மேட்டில் அந்த மைதானம். அதன் கீழ்ச் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில், பச்சை பெயின்ட் அடித்த தகரக் கூரையோடு எங்கள் வீடுகள். வரி ரசீது உண்டு, பட்டா கிடையாது. யாராவது அதிகாரி வந்து “ஏன் இங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “இருந்துவிட்டோம்” என்பதுதான் எங்கள் பதில். ஒரு மழைக்காலத்தில் பின்பக்க மண் சரிந்து கடைசி வீட்டின் சமையலறைச் சுவரை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து மழை என்றாலே எல்லோரும் பின்பக்கம் போய்ப் பார்ப்பார்கள். நான் மேகம் என்றாலே போய்ப் பார்ப்பேன்.

அந்த மைதானம் கிளப்புக்காரர்களுடையது அல்ல, பேரூராட்சிக்குச் சொந்தம். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடலாம் என்று போர்டு சொல்கிறது. எங்கள் வரிசையிலிருந்து யாரும் ஆடியதில்லை. எப்போதாவது எங்கள் கூரையில் ‘டமால்’ என்று பந்து வந்து விழும், அவ்வளவுதான் உறவு. மைதானத்தில் முன்பு யாரோ வெட்டிய பள்ளங்கள் சில, புல் மூடி, மாடுகள் படுத்து அசைபோடும் தொட்டிகளாகக் கிடந்தன. அவற்றுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த பங்கர் வேறு. நான் வேலை பார்ப்பது வெடிமருந்துத் தொழிற்சாலையில். கேட்பவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். நானும் விளக்கம் சொல்வதில்லை. உண்மையில் நான் இருப்பது பூட்ஸும் கையுறையும் வழங்கும் ஸ்டோரில். இத்தனை வருஷத்தில் என் கையில் வெடித்தது தீபாவளிப் பட்டாசு மட்டும்தான், அதுவும் எதிர்பாராமல். ஆனால் பாதுகாப்பு வகுப்பில் எங்களையும் உட்கார வைப்பார்கள். எங்கள் பேச்சில் பங்கர் என்றால் மண் மூடிய வெடிமருந்து அறை. அதன் பக்கத்தில் பீடி கூடாது, போன் கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது. முக்கியமாக, வீடு கூடாது.

ஆக, மேலே பங்கர் வந்தால் கீழே நாங்கள் இல்லை. கணக்கு இரண்டே வரியில் முடிந்துவிட்டது.

அன்று லீவு போட்டேன். ஆபத்துக் காலத்தில் எதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று ஒரு பையில் அடுக்கினேன். ரேஷன் கார்டு, வரி ரசீதுகள், ஸ்வெட்டர், மங்கி குல்லாய். மனைவி வந்து பையைத் திறந்து பார்த்தாள். அவள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. எதற்கும் பதறமாட்டாள், அதுவே எனக்குப் பதற்றம்.

“ஏனுங்க, மிக்ஸி ஜாரை எடுத்து வெச்சிருக்கறீங்க. மிக்ஸி எங்கீங்க?”

“அது கனமா இருந்துச்சு.”

“போற எடத்துல ஜாருக்குள்ள கையை வுட்டுச் சுத்திக்கலாம்னு இருக்கறீங்களா?”

சண்டைக்கு நேரமில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அவர் சின்னப் பிள்ளையாகக் கப்பல் ஏறியவர், இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே வயதானவர். அவருடைய தங்கச்சி ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார். பின்பு தோட்டத்தை விட்டு வடக்கே குடிபோய், போர்க்காலம் முழுக்க அங்கே இருந்தவர். நான் போனபோது அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். மைக் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது.

“தம்பி,” என்றார், “பங்கர் வெட்டுறதுன்னா ஒளியத்தானே வெட்டுவாங்க. இங்க யாரு ஒளியிறது? யாருக்குப் பயந்து?”

நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன் என்று பெயர் வாங்கியவன். அன்று அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கச்சி வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டியிருந்தார்களாம். மேலே தென்னங்குற்றி அடுக்கி மண் போட்டதாம். சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே இறங்குவார்களாம். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்களாம். ஒரு முறை போனில் பேசும்போது பாதியில் “அக்கா, பங்கருக்குப் போறேன்” என்று வைத்தவர், அடுத்து எப்போது பேசுவார் என்று தெரியாமல் இவர் அந்த போனையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். தங்கச்சி தப்பிவிட்டார். ஆனால் அந்தச் சொல் அக்காவின் காதிலேயே தங்கிவிட்டது.

என் பங்கரிலிருந்து நெருப்பு வெளியே வரும். அக்காவின் பங்கருக்கு நெருப்பு மேலேயிருந்து வரும். இரண்டில் எது வந்தாலும் எங்கள் வரிசை மிஞ்சாது என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. மிலிட்டரி வருகிறது என்றார் ஒருவர். சண்டை வரப்போகிறது, அரிசி வாங்கி வையுங்கள் என்றார் இன்னொருவர். எல்லோரும் கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருப்பவனுக்குத் தெரியாமல் யுத்தம் வருமா? நான் தெரிந்தும் சொல்ல முடியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். பயத்தில் விறைத்த முகம் பார்ப்பதற்கு ரகசியம் காக்கும் முகம் போலவே இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

தவறாமல் செய்ய வேண்டியது கூட்டத்துக்கு வருவதுதான் என்பதை மனைவி ரேஷன் கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், சமுதாயக் கூடத்தில், டீ உண்டு. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. காலி செய்யச் சொல்வதற்கு முன்னால்தானே இவ்வளவு மரியாதை நடக்கும்?

கூடத்தில் முன்வரிசையில் தொப்பியும் கோடு போட்ட ஸ்வெட்டருமாக ஆட்டக்காரர்கள். பின்னால் நாங்கள். மேடையில் பேரூராட்சி இன்ஜினீயரும், மைதானத்தை வடிவமைக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணும். சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தார்கள், மேலேயிருந்து எடுத்த போட்டோ. ஆட்டக்காரர்கள் புல்லைப் பற்றியும் கொடிக்கம்பங்களைப் பற்றியும் கருத்துச் சொன்னார்கள். கேரட் போடுகிற படகர் பெரியவர் ஒருவர், காட்டெருமை தோட்டத்துக்குள் வராமல் மைதானத்துக்கு வேலி போட முடியுமா என்று கேட்டார். மைதானத்தில் காட்டெருமை நின்றால் ஆட்டத்தை நிறுத்தி வைப்பதுதான் இப்போதைய விதி என்றார் ஒரு தொப்பி. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது இன்ஜினீயர் பின்பக்கம் பார்த்து, கீழ்ப்பகுதி மக்கள் யாராவது பேசலாம் என்றார்.

என் முதுகில் நாலைந்து கைகள் விழுந்தன. எழுந்திருக்க நான் முடிவு செய்யவில்லை, எழுப்பப்பட்டேன். மைக் கையில் வந்தது. வழக்கமாக எடுத்தவுடன் ஒரு ஜோக் சொல்வேன், அன்று நேராகக் கேட்டுவிட்டேன்.

“ஐயா, நான் வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை பாக்கறவனுங்க. பங்கர்கிட்ட குடியிருக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பங்கர் நீங்க வெச்சுக்குங்க. நாங்க எங்கீங்க போறது?”

இன்ஜினீயர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு வயதான தொப்பி மெதுவாகத் திரும்பி, என் மேல் இரக்கப்பட்டு விளக்கினார். பங்கர் என்றால் ஆட்டத்தில் மணல் போட்ட பள்ளம். பந்து அதில் விழுந்தால் எடுத்து அடிப்பது கஷ்டம். ஆட்டம் சுவாரசியமாக இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே வெட்டுவது.

சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்துப் பின்வரிசைக்கு வந்தது. என்னை எழுப்பிவிட்ட கைகளுக்குச் சொந்தக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“பந்து ஒளியிறதுக்கா?” என்று கேட்டார். கூடம் மறுபடியும் சிரித்தது. அக்கா சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்திலிருந்து அந்தப் பழைய பயம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். கைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் வளர்த்த பயத்தை உடனே எங்கே கொண்டுபோய் விடுவது? அது என்னைச் சுற்றிச் சுற்றி வந்து வேறொரு இடத்தைப் பிடித்துக்கொண்டது. மைக் இன்னும் கையில்தான் இருந்தது. மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்றும் ஒரு நப்பாசை.

“சரிங்க, மணல் குழிதானுங்க. மழை பெஞ்சா அதுல தண்ணி நிக்குமே, அது எங்கீங்க போகும்?”

அந்தப் பெண் நல்ல கேள்வி என்றார். அடியில் குழாய் வைக்கிறார்கள், எல்லாப் பள்ளத்துத் தண்ணீரும் ஒரே குழாயில் சேரும், சேர்ந்து கீழே இறங்கிவிடும். எழுந்து படத்தில் விரல் வைத்துக் காட்டினார். “இங்கே விட்டுடுவோம் சார். காலியான பச்சைச் சரிவுதான். மரம், புல், அவ்வளவுதான்.”

நான் படத்தின் அருகே போனேன். சில்வர் ஓக் மரங்களை அடையாளம் கண்டுகொண்டேன். பக்கத்தில் வளைவு, ஆட்டோ திரும்பிய வளைவு. இடையில் பச்சையாக, வரிசையாக, சின்னச் சின்னச் சதுரங்கள்.

“இந்தப் பச்சை புல்லு இல்லீங்க அம்மணி,” என்றேன். “எங்க ஊட்டுக் கூரைங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அந்தப் பெண் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு இன்ஜினீயரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். இன்ஜினீயர் எங்களைப் பார்த்து, “பார்த்துச் செய்வோம்” என்றார். பங்கர் என்ற சொல்லைவிட அது என்னை அதிகம் பயமுறுத்தியது. பங்கருக்காவது அர்த்தம் இருந்தது.

ஆனால் மறுநாள் காலை அந்தப் பெண் நேரிலேயே வந்துவிட்டார். ஷூ சேற்றில் புதைய வரிசையின் பின்பக்கமாக நடந்து, சரிந்த இடத்தில் நின்று, மண் திட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஈர மண் கையோடு வந்தது. அவரும் பயந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. மனதுக்கு எவ்வளவு நிம்மதி. படித்தவர் ஒருவர் நம்மோடு சேர்ந்து பயப்படுவது அபூர்வம். அக்கா கொடுத்த சாயத்தண்ணியை, பால் விடாத அந்தத் தேநீரை, நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் வேறு படம் மாட்டினார்கள். குழாய் எங்கள் பக்கம் வராமல் மேற்கே திரும்பி ஓடையில் போய்ச் சேர்ந்தது. எங்கள் தலைக்கு நேர் மேலே வரவிருந்த இரண்டு பள்ளங்களும் இல்லை. அவை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஆடுவது ரொம்பச் சுலபமாகிவிடுமே என்று ஒரு தொப்பி வருத்தப்பட்டார். என் மனைவி, வேண்டுமானால் எங்கள் கூரையில் அடித்து ஆடுங்கள், அது கஷ்டம்தான் என்றாள். படத்தில் எங்கள் கூரைகள் மேல் இப்போது யாரோ சிவப்புப் பேனாவால் ‘வீடுகள்’ என்று எழுதியிருந்தார்கள். பட்டா இல்லாத எங்களை ஒரு காகிதம் முதல் முறையாக அப்படிச் சொல்கிறது. அதையும் நான் பயத்தோடுதான் பார்த்தேன். எழுதியது அழியாமல் இருக்க வேண்டுமே.

மைதான வேலை முடிந்து, தென்மேற்கு மழை ஆரம்பித்த முதல் வாரத்தில், மூன்று நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் மத்தியானம் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. விறகு பார்த்து வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குடையோடு மேலே ஏறினேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. குடையை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

மைதானத்தில் ஏற்கெனவே குடைகள் நின்றன. மாட்டைத் தேடி வந்தேன் என்றார் கடைசி வீட்டுக்காரர். அவருக்கு மாடு கிடையாது. தலையில் மழைக்குப் போடும் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு அக்கா ஒரு பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தார். பள்ளம் நிறையத் தண்ணீர். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு நடுவில் ஒரு சுழி தெரிந்தது. ஓரத்தில் விரற்கடை அளவு ஈர மணல் வெளியே வந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். கடைசி வீட்டுக்காரர் ஓடைப் பக்கம் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். வருகிறது, அந்தப் பக்கம்தான் வருகிறது.

“இறங்குது தம்பி,” என்றார் அக்கா.

எழுந்திருக்க அவருக்குக் கை கொடுத்தேன். அவர் வீட்டுக்கு உலை வைக்கப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். நான் மட்டும் முழு மணலும் தெரிகிற வரை நிற்பதென்று இருந்தேன். சில்வர் ஓக் இலை ஒன்று மிதந்து மிதந்து நடுவுக்குப் போனது. குழாயை அது அடைத்துவிட்டால்? குடையை மடக்கி வைத்துவிட்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினேன்.